ஓடாத மாதங்களுக்குத் தண்டம் கேட்காதீர்கள்

மோட்டார் வாகன விதிகளை எழுதுவோருக்கும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அவற்றை நடைமுறைப்படுத்துவோருக்கும் எல்லையோரப் பட்டறைக்காரன் ஒருவனின் திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் இந்தப் பக்கம் அமைந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் இன்றுவரை இரண்டு பக்கமும்தான். அதனால் என் பட்டறை வாசலில் கே.எல். எண்ணும் டி.என். எண்ணும் பக்கம் பக்கமாக நிற்கும்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் செய்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. ஆகவே இந்த மூன்றில் ஆக இளைய வண்டிக்கே ஏறக்குறைய முப்பது வயதாகிறது. காட்சிக்கு வைப்பதற்காக யாரும் இவற்றை என்னிடம் கொண்டு வருவதில்லை. சங்கத்துக்குப் பால் ஊற்றப் போக வேண்டும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தென்னந்தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு வர வேண்டும். புது வண்டி வாங்க ஒரு லட்சம் இல்லாத வீட்டில், கொட்டகையில் நிற்கும் பெரியவரின் வண்டியை ஓட வைக்க முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். முடியும். பெரும்பாலும் முடியும். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய மோட்டார் சைக்கிள் மீண்டும் சாலைக்கு வரலாமா கூடாதா என்பதை அந்த வண்டியின் நிலையைச் சோதித்து முடிவு செய்யுங்கள். அது எத்தனை மாதம் ஓடாமல் நின்றது என்று எண்ணி, அந்த மாதங்களுக்குப் பணம் கேட்பதை நிறுத்துங்கள்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பம், வண்டியை நேரில் காட்டுதல், கட்டணம். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தீர்கள். பால்காரருக்கு இது பெரிய தொகைதான். ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்பதால் எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவார். அந்தத் தொகையைப் பற்றி நான் இங்கே வழக்காட வரவில்லை.

வழக்கு இன்னொன்றின் மீது. பதிவு காலாவதியான பிறகு புதுப்பிக்க விண்ணப்பித்தால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று கட்டண அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் அது ஒரு மாதம். ஓராண்டுக்கு 3,600. ஐந்தாண்டுக்கு 18,000. பத்தாண்டுக்கு 36,000. பத்தாண்டு கொட்டகையில் நின்ற ஒரு பழைய புல்லட்டுக்கு எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை செய்து, டயரும் வயரிங்கும் மாற்றிக் கொடுத்தாலும் என் பட்டறையில் அத்தனை ஆகாது.

ஒரு வண்டியின் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா, தம் மகனோடு, ஒரு குட்டியானையில் ஏற்றி ஒரு 350 புல்லட்டைக் கொண்டு வந்தார். 1987-இல் பதிவான வண்டி. அவருடைய கணவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன. 2017-இல் கடைசிப் புதுப்பித்தல் முடிந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பிறகு இறந்துவிட்டார். மகன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். வண்டியை மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் சாய்த்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி வைத்துவிட்டார்கள். இப்போது மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் கிடையாது. “தம்பி, இதை ஓட வைத்துக் கொடு, அவர் வைத்திருந்தது மாதிரி இருந்தால் போதும்” என்றார் அம்மா.

கிக்கரில் ஏறி நின்றேன். அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தேன். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தோம். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஒரு காலைப்பொழுதில் டக்கென்று விட்டுக்கொடுத்தது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தபோது, பிஸ்டன் இத்தனை ஆண்டுகள் நின்ற இடத்தில், சுவரைச் சுற்றிப் பழுப்பாக ஒரு துரு வளையம். ரிங்குகள் தம் காடிகளிலேயே ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய் முழுவதும் தன் தொட்டியை விட்டுக் கிராங்க் அறைக்குள் இறங்கி நின்றது. நெடுநாள் நின்ற பழைய புல்லட்டில் அது வழக்கம்தான். ஆனால் கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் பிக் எண்டில் ஆட்டம் இல்லை. வண்டியை வைத்திருந்தவர் எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருக்கிறார் என்பது அதைக் கையில் பிடித்த உடனே தெரிந்தது. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் மீது எனக்கு மரியாதை வந்தது.

சிலிண்டரைக் கோவைக்கு அனுப்பி, லேத்தில் உள்சுவரை அடுத்த ஓவர்சைசுக்குக் கடைந்து, அதாவது போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வற்றி அரக்காகப் படிந்திருந்தது. அதில் பைலட் ஜெட் என்று ஒன்று உண்டு. அதன் ஓட்டை ஊசிமுனை அளவுதான். பழைய வயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி, அதைத்தான் உள்ளே விட வேண்டும். இரும்புக் கம்பியை விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். பிறகு வண்டி எந்தக் காலத்திலும் சீராக ஐடிலில் நிற்காது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வால்வுகளைத் திறக்க உதவும் புஷ்ராடு கம்பிகளுக்கும் இப்படி ஒரு பக்குவம் இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது இரு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்பார்க் கொடுக்கும் பாயிண்டின் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்ற தகடு இருக்கிறது. இதற்கு விரல்தான் அளவு. டேங்கின் உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது. சிறு போல்ட்டுகளைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, கை சலிக்கும்வரை குலுக்கிக் கழுவினோம். பிரேக் ஷூ, கேபிள்கள், டயர், டியூப், வயரிங் எல்லாம் புதிது.

வண்டி எழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகனுக்குப் புல்லட் எடுக்கத் தெரியாது. ஆவேசமாக மிதித்தான். அந்த அம்மாதான் அருகில் வந்து சொன்னார். சாவியைப் போடு, கிக்கரை மெல்ல அழுத்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கொஞ்சம் இறக்கு, லீவரை விடு, இப்போது மிதி. அவர் ஒருநாளும் வண்டி ஓட்டியவர் அல்ல. பின்னால் உட்காருவதற்காகப் பக்கத்தில் காத்து நின்ற காலத்தில் பார்த்துக் கற்றது. மகன் அவர் சொன்னபடி மிதித்தான். வண்டி எடுத்துக்கொண்டது. எங்கள் தெருவே வெளியே வந்து பார்த்தது.

பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் பெயரிலிருந்து மாற்ற 31-ஆம் படிவம். இறந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது, ஆகவே அதிலும் தாமதம். புதுப்பிக்கும் கட்டணம் 2,000. அதற்கு மேல் காலாவதியான நாளிலிருந்து எண்ணி, மாதத்துக்கு 300. எட்டு ஆண்டு என்று வைத்தாலே 96 மாதம், 28,800 ரூபாய். அவர்கள் வீட்டில் அது இரண்டு கறவை மாடுகளின் பல மாதத்துப் பால் பணம். மகன் இப்போது ஷிப்ட் முடித்து யாராவது லாரியில் ஏற்றிக்கொள்வார்களா என்று நெடுஞ்சாலையில் நிற்கிறான். வண்டி ஓடும் நிலையில், மறுபடியும் அதே கொட்டகையில் நிற்கிறது. அடுத்த மாதம் பிறந்தால் இன்னும் ஒரு 300.

ஐயா, அம்மா, உங்களைக் கேட்கிறேன். இந்தத் தண்டம் எந்தத் தவறுக்கு? அந்த 96 மாதத்தில் அந்த வண்டி ஓர் அடி சாலையைத் தேய்க்கவில்லை. ஒரு துளிப் புகை விடவில்லை. எவர் மீதும் மோதவில்லை. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் தண்டனை கொடுக்க 192-ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டியவரைப் பிடித்தால் அதன்படி வாங்குங்கள், நானும் கைதட்டுவேன். ஓட்டாமல் மூடி வைத்தவரிடம், ஓட்டியவரிடம் வாங்குவதைக் காட்டிலும் கூடுதலாக வாங்குவது எந்த நியாயத்தில் சேரும்?

இந்த விதியால் உங்களுக்குப் பணம் வந்து குவிகிறது என்றாவது சொல்ல முடியுமா? என் பட்டறையில் நான் கண்டவரை வருவதில்லை. தொகையைக் கேட்டதும் மனிதர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஒன்று, காயலான் கடை. நான் போர் அடித்து நிமிர்த்திய எஞ்சின் அங்கே எடைக்குப் போகிறது. இரண்டாவது வழி இதைவிட மோசம். பதிவு இல்லாமலே, போலீஸ் நிற்காத தோட்டத்துப் பாதைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்குக் காப்பீடு கிடைப்பது அரிது. மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓடக் கூடாது என்று 146-ஆவது பிரிவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டி ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை மீது மோதினால், அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு யார் கொடுப்பார்கள்? ஓட்டியவரின் வீட்டில் விற்க என்ன இருக்கும்? மாதம் 300 ரூபாய் என்று நீங்கள் கட்டிய சுவர், முறையாக நடக்க வந்தவரை வெளியே தள்ளுகிறது. அதன் விலையைச் சாலையில் நடந்து போகிறவர் கொடுக்கிறார்.

ஓடாத வண்டி என்று ஒன்று உண்டு என்பதை அரசு அறியாதது அல்ல. கேரளத்தில் பஸ், லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறோம் என்று ஜி படிவம் எழுதிக் கொடுத்தால், அந்தக் காலத்துக்கு வரியிலிருந்து விலக்குக் கிடைக்கும். 1976-ஆம் ஆண்டு கேரள மோட்டார் வாகன வரிச் சட்டத்தில் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஓடாத பஸ்ஸுக்கு வரி கேட்பது முறையில்லை என்று ஒப்புக்கொண்ட அரசு, ஓடாத புல்லட்டுக்குத் தாமதக் கட்டணம் கேட்பது எப்படி முறையாகும்? கடல் தாண்டியும் பார்க்கலாம். பிரிட்டனில் 1998 முதல், வண்டியைச் சாலையில் எடுக்கவில்லை என்று உரிமையாளர் அறிவிக்க முறைப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அறிவித்துவிட்டால் அந்தக் காலத்துக்குச் சாலை வரி கிடையாது. அறிவித்துவிட்டுச் சாலையில் எடுத்தால்தான் தண்டனை.

அப்படி ஒரு வழியை இருசக்கர வாகனங்களுக்கும் திறந்துவிடுங்கள். இனிமேல் நிறுத்தி வைப்பவர்கள் ஒரு பக்கப் படிவத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டிகளுக்கு, ஓடவில்லை என்று உரிமையாளர் உறுதிமொழி கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பொய் சொல்வார்கள் என்று அஞ்சுகிறீர்களா? அந்த ஆண்டுகளில் அந்த எண்ணின் மீது அபராதச் சீட்டு விழுந்திருக்கிறதா, காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா, புகைச் சான்று வாங்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் இப்போது உங்கள் கணினியிலேயே தெரியும். ஒட்டிப்போன எஞ்சினையும் மட்கிய டயரையும் பார்த்து, இது எத்தனை ஆண்டு நின்ற வண்டி என்று என்னைப் போன்ற எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த அம்மாவின் வண்டியில் இருந்த டயரே சாட்சி சொல்லியிருக்கும்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களையும் நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். பழைய வண்டி புகை விடும் என்பீர்கள். பராமரிக்காத வண்டி விடும், அதிலும் ஆயிலை அளவில்லாமல் ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டி கண்ணை எரிய வைக்கும். நான் அதை மறுக்கவே மாட்டேன். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்று வரம்பு வைத்திருக்கிறீர்கள். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். கருவியைச் சைலன்சருக்குள் உண்மையாகவே விட்டுச் சோதியுங்கள். தாண்டினால் திருப்பி அனுப்புங்கள், நான் ஜெட்டையும் ரிங்கையும் பார்த்துச் சரிசெய்து மறுபடி அனுப்புகிறேன். ஆனால் மாசுக்காகத்தான் இந்தக் கட்டணம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 36,000 ரூபாய் கட்டிய வண்டியின் புகை, கட்டாத வண்டியின் புகையை விடச் சுத்தமாகிவிடாது.

திருட்டு வண்டிகள் பழைய காகிதத்தில் உயிர் பெறும் என்பீர்கள். சரியான அச்சம். எல்லையோரத்தில் வேலை செய்யும் எனக்கு அந்த ஆபத்து நன்றாகவே தெரியும். சேஸிஸ் எண் ராவப்பட்டிருந்தாலோ, எஞ்சின் எண்ணின் எழுத்துகள் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ நான் ஸ்பேனரைத் தொடமாட்டேன். நீங்கள் இன்னும் கடுமையாகச் சோதிக்கலாம். எண்ணைப் படியெடுத்துக் காவல்துறைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க ஒரு வாரம் ஆகட்டும், காத்திருக்கிறோம். திருடனுக்குத் தாமதக் கட்டணம் தடையே அல்ல, அவன் அதைக் கட்டப் போவதும் இல்லை.

பழமையைக் காக்கத்தான் 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தோமே என்று நீங்கள் நினைவூட்டலாம். அந்த விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுக்கலாம். சேகரிப்பவர்களுக்கு அது நல்ல விதி, அவர்கள் இல்லையென்றால் பல வண்டிகள் மண்ணோடு போயிருக்கும். ஆனால் 1987-ஆம் ஆண்டுப் புல்லட்டில் வேலைக்குப் போக நினைக்கும் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது? 20-க்கும் 50-க்கும் நடுவில் சிக்கியவை உழைக்கும் வண்டிகள். அவற்றுக்காக யாரும் பேசுவதில்லை என்பதால்தான் நான் எழுத வந்தேன்.

எல்லையில் வாழ்வதால் எங்களுக்கு வரும் இடையூறு தனி. கோவையில் பதிவான மாமனார் வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால், 47-ஆவது பிரிவின்படி கேரள எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பழைய அலுவலகம் தரக் கணினியில் பதிவு இருக்க வேண்டும். 1980-களின் வண்டிகள் பலவற்றின் விவரம் கைப்பேரேட்டில்தான் இருக்கிறது, கணினிக்கு ஏறவே இல்லை. பேரேட்டிலிருந்து ஏற்றுவதற்கு விண்ணப்பித்தால், பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட ஆள் இல்லை. அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து புதிதாக உருவானதில் பேரேடுகளும் இடம் மாறிவிட்டன. இப்படி அரசின் அலமாரியில் தாமதமாகும் மாதங்களுக்கும் வண்டிக்காரரின் கணக்கில் 300 ஏறிக்கொண்டே போகிறது. விண்ணப்பம் கொடுத்த நாளோடு அந்தக் கணக்கையாவது நிறுத்துங்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரு நாள் ஒரே பந்தலில் உட்கார்ந்து, பேரேடுகளை வைத்துக்கொண்டு ஓர் அதாலத், அதாவது குறைதீர்க்கும் முகாம், நடத்தினால், எங்கள் பக்கத்து வண்டிகளில் பெரும்பகுதிக்குத் தீர்வு கிடைத்துவிடும். கோபாலபுரத்திலோ வேலந்தாவளத்திலோ வையுங்கள். பந்தலும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு.

சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோவதும் ஒரு தலைவலி. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து காட்ட முடியாது. ஓட்டாமல் கொண்டு வர வேண்டுமானால் போக வரக் குட்டியானை வாடகை. திருப்பி அனுப்பினால் மறுபடி வாடகை. சோதனை நாளுக்கு மட்டும் செல்லும் ஓர் அனுமதிச் சீட்டும், ஒரு நாள் காப்பீடும் கொடுக்க ஏன் முடியாது?

சோதனை என்று வந்துவிட்டதால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதா, ஹாரன் அடிக்கிறதா, நம்பர் பிளேட் எழுத்து அளவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்காக வண்டிக்காரர் பிரேக்கை விட்டுவிட்டுப் பெயிண்டில் பணத்தைப் போடுகிறார். பழைய டிரம் பிரேக் வண்டியில் உயிர் போவது பெயிண்டினால் அல்ல. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஆட்டிப் பாருங்கள், ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ஆரக்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், தளர்ந்தது வேறு சத்தம் கொடுக்கும். பிரேக் கேபிளின் முனையில் இழை அறுந்திருக்கிறதா, டயரில் அந்த நான்கு எண் என்ன சொல்கிறது, பெட்ரோல் குழாய் வெடித்திருக்கிறதா. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அதற்கு முன் செய்த ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறி இளகுகின்றன. நான் இப்போது பழைய வண்டி எது வந்தாலும் முதலில் குழாயை மாற்றிவிடுகிறேன். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சோதிப்பவரும் கவனிக்க வேண்டும். இப்படிச் சோதிக்கப் பதினைந்து நிமிடம் போதும். இதில் தேறாத வண்டியைச் சாலைக்கு விடச் சொல்லி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். தேறிய வண்டியைப் பணத்தைக் காட்டித் தடுக்காதீர்கள்.

இந்த வேலையைச் செய்ய இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பொள்ளாச்சிக்காரர். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போய்ப் பழைய கிராங்க் தேடி வரவும், கோவை லேத்துகளில் எந்தக் கை நம்பகமானது என்று அறியவும் அவர்தான் பழக்கினார். இப்போது என்னிடம் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். செப்பு இழையால் ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறான் அவர்களில் சின்னவன். அவனுக்கு இந்தத் தொழிலில் சோறு இருக்க வேண்டுமானால், நாங்கள் உயிர் கொடுத்த வண்டிகளுக்குச் சாலையில் இடம் இருக்க வேண்டும்.

தாமதக் கட்டணத்தை நீக்குவது டெல்லியின் கையில் இருக்கிறது. ஓடாத வண்டிக்கான படிவத்தை வகுத்துப் பரிந்துரைப்பதும், அதாலத் கூட்டுவதும், சோதனை நாள் அனுமதிச் சீட்டுக்கு வழி காண்பதும் மாநிலங்கள் இன்றே தொடங்கக்கூடியவை. திருவனந்தபுரத்திலிருந்து பதில் எழுதுவோர் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்தது. வேண்டுமானால் அந்த அம்மாவின் புல்லட்டையே முதல் வண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். நாளும் இடமும் சொன்னால் வண்டியோடு நானே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துப் பழைய மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரன்